செவியைச் சோதிக்கும் காலம்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு நம்மவர் காட்டும் பரிவை வேறெந்தப் பொறிக்கும் காட்டுவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. எழுத்துத் தெளிவாகத் தோன்றாவிடின் மூக்குக்கண்ணாடி வாங்குகின்றோம். அதனை அணிந்து அவையில் அமர நாணுவதில்லை. கற்றவர் என்னும் பெயரையும் அதனாற் சிலர் ஈட்டிக்கொள்கின்றனர். செவி மங்கினாலோ, மங்கியவர் அதனை மறைக்கின்றார். மற்றையோர் கண்டு நகைக்கின்றார். மறைப்புக்கும் நகைப்புக்கும் இடையே ஆண்டுகள் பல வீணே கழிகின்றன. செவியை எப்பொழுது சோதித்தறிதல் வேண்டும் என்பதனைக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாட்டை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாட்டை முன்னிடுதற்குக் காரணம் உண்டு. அது வானம் பார்த்த பூமி. பருத்தி விளைந்தமையால் ஆலைகள் எழுந்தன. மழை பொய்த்தமையால் தீப்பெட்டித் தொழிலும், சாத்தூர் சிவகாசிப் பக்கத்தே வெடித்தொழிலும் வேரூன்றின. உழவனாய்ப் பிறந்து ஆலையாளாய் முதிர்ந்தவர் அங்கே எண்ணிலர். எம்முடன் பயிலும் மாணவருள் அத்தகையோரின் மக்களும் பேரரும் பலர்.

ஆலை இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியன்று. செம்புத் தகட்டை நாள்முழுதும் தட்டும் கன்னார் செவிப்புலன் இழப்பதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைப் பெண்டிர், தறியோசையில் ஒருவர் குரல் ஒருவர்க்கு எட்டாமையால், உதட்டசைவாலேயே உரையாடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபோது, இரைச்சலால் வரும் செவிக்குறை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என விதிகள் எல்லை வகுத்தன; 85ஐத் தாண்டினாலே தீங்கு தொடங்கும் என்பர் தொழில்நல ஆராய்ச்சியாளர். கருவியின்றி இதனை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருப்பின், அவ்விடத்து ஓசை அவ்வெல்லையை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இனி, செவி மங்கும் முறையை நோக்குவோம். தமிழ் பயிலும் எமக்கு இதுவே மிக்க வியப்பளிப்பது. இரைச்சலாலும் முதுமையாலும் வரும் குறை எல்லா ஒலியையும் ஒருங்கே அழிப்பதில்லை. உட்செவியில் நத்தையோட்டை ஒத்த உறுப்பினுள்ளே பதினையாயிரம் அளவில் மயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் நுண்ணிய உயர்ந்த ஒலியை ஏற்பன முதற்கண் மாயும். மாய்ந்தவை மீண்டும் முளைப்பதில்லை. நம் பேச்சில் உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த ஒலியலைகளில் உளது. மெய்களிலோ, சிறப்பாக வல்லின மெய்களில், உயர்ந்த அலைகளே ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்துக் காட்டுவன. எனவே செவி மங்கத் தொடங்கியவர்க்கு உயிர் கேட்கும், மெய் மறையும். பால், கால், சால் என்னும் மூன்று சொற்களும் ஒருசொல்லாய் ஒலிக்கும். இலக்கணத்தார் வலியவை என்று பெயரிட்டவையே மங்கிய செவிக்கு முதலில் மெலிந்துபோகின்றன!

இதனாலன்றோ முதியோர், ‘சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை’ என்கின்றனர். ‘இக்காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்’ என்று நம்மைக் கடிந்துகொள்கின்றனர். அவர் பொய் கூறவில்லை. அவர் செவிக்கு உலகம் அங்ஙனமே ஒலிக்கின்றது. ஓசை முழுவதும் அற்றிருப்பின் தம் குறையைத் தாமே உணர்ந்திருப்பர். பாதி கேட்பதாற் பிறரைக் குறை கூறுகின்றனர். ஆதலின் சோதிக்கும் காலத்தைச் செவிக்கு உடையவர் அறிவதினும் அவரோடு வாழ்வோர் முன்னர் அறிவர் என்பது எமது துணிபு. தொலைக்காட்சியின் ஒலி நாளுக்கு நாள் மிகுவதை மருமகள் அறிவாள். பந்தி நடுவே பேச்சைப் பின்தொடர இயலாது தலையை மட்டும் அசைத்திருப்பதைச் சம்பந்தி அறிவார். தன் மெல்லிய குரலுக்குத் தாத்தா விடையிறாமையைப் பேத்தி எல்லார்க்கும் முன்னே அறிவாள். இவர்கள் வாய் திறந்து, இகழ்ச்சியின்றி, சோதனைக்கு வருமாறு அழைத்தல் வேண்டும்.

ஆயின் வாய் திறந்தால் வருவது யாது? செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியே. ஊரில் ஒருவரை வைதற்கும் அச்சொல்லே ஆகின்றது. கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் பிறந்த மொழியில், கேளாமைக்கு இரக்கமுள்ள சொல் வழக்கிற் குறைவாயிருத்தல் வருந்தத்தக்கது. மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்திலே நம் ஆண்டவர் செவிடனைக் குணமாக்கும்போது, அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார் என்று வாசிக்கின்றோம். அத்தனிமை அவனது நாணத்தை அறிந்து செய்த தயவென்றே எமக்குத் தோன்றுகின்றது.

தொழிலாளிக்கு நாணத்தினும் பெரிதாக அச்சம் ஒன்றுண்டு. சோதனையிற் குறை தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகின்றான். பணி முடிந்து வீடு திரும்பியபின் செவியில் சில்வண்டு ஒலிப்பதுபோல் ஒலித்தாலும் அவன் வெளியிடுவதில்லை. அவ்வொலியே செவி விடுக்கும் முதல் எச்சரிக்கை. இவ்வச்சத்தை நீக்கும் கடமை ஆலைத் தலைவர்க்கு உரியது. வேலைக்குச் சேரும் நாளில் ஒருமுறையும் பின்னர் ஆண்டுக்கொருமுறையும் யாவரையும் ஒருங்கே சோதித்தால், ஒருவனைத் தனித்துக் காட்டும் இழிவு இராது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் இக்குறையைத் தொழில்வழி நோயாகவே எண்ணியது. தொழில் தந்த நோய்க்குத் தொழிலாளியைத் தண்டித்தல் எவ்வகை நீதி?

‘தீராத குறையைச் சோதித்து யாது பயன்’ என்பாரும் உளர். எல்லாம் தீராதன அல்ல. குறும்பி அடைத்தலும், செவிப்பறை கிழிதலும், நடுச்செவியில் நீர் கோத்தலும் மருத்துவத்தால் பெரும்பாலும் சீர்ப்படுவன. சீழ் வடியும் குழந்தையின் செவியிற் காய்ச்சிய எண்ணெய் வார்ப்பதும், கோழியிறகாற் குடைவதும், கரிசற் சீமையிற் குறைவின்றிக் கிடைக்கும் தீக்குச்சியை அதற்கும் பயன்படுத்துவதும் உடனே ஒழியவேண்டியவை. தீராத குறையாயினும், எஞ்சியதைக் காக்கவும் செவித்துணைக் கருவி பொருத்தவும் அளவறிதல் இன்றியமையாதது. அக்கருவியாற் பயன்பெறக் கூடியவருள் நூற்றுக்குப் பதினெழுவரே அதனை அணிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஒருநாட் பொழுதில் ஒரு செவி திடீரென அடைத்துக்கொண்டால் மட்டும், சளி என்று எண்ணிக் காத்திராமல் அன்றே மருத்துவரை நாடல் வேண்டும். காலம் தாழ்ப்பின் மீட்சி அரிது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி பெற்றோரும், பேச்சுத் தாமதப்படும் குழந்தையரும் அங்ஙனமே காத்திருக்கலாகாதவர்.

சோதனையோ அச்சுறுத்துவதன்று. ஓசையடங்கிய அறையில் இருசெவியிலும் கேட்பான்களை மாட்டிக்கொண்டு, மெல்லொலி கேட்குந்தோறும் பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவே. அரை மணியும் ஆகாது.

கண்ணுக்கு இந்நாடு பெற்ற பேற்றை எண்ணிப் பார்ப்போம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திற் பிறந்த டாக்டர் கோ. வேங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று கண் முகாம் என்றால் அறியாத சிற்றூர் இல்லை. காது கேளாதார்க்கு நம் திருச்சபையும் தொண்டு செய்யாமலில்லை. மிஸ் புளோரன்ஸ் சுவெயின்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பணி பாளையங்கோட்டையில் இன்றும் பள்ளியாய் விளங்குகின்றது. ஆயின் அது பிறவியிலேயே இழந்தோர்க்கு. இடைக்காலத்தே சிறுகச்சிறுக இழப்போரைத் தேடிச் செல்வார் அரியர்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் சிற்றூர்களிற் கண் முகாம் நடத்துங்கால் செவிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாகாதா? சித்திரையிற் கரிசற் காடு வெறுமையாய்க் கிடக்கும், உழவர்க்கு ஓய்வுண்டு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள. அங்குள்ள செவி மருத்துவரை வேண்டினால் வருவர். ஒரே ஒரு தடையை மட்டும் முன்கூட்டியே நீக்கவேண்டும். சித்திரை கொடைவிழாக் காலம். நம் கன்வென்ஷன் கூட்டங்களும் கோடையிலேயே நடைபெறுவன. முப்பது டெசிபல் ஓசையைத் தேடும் கருவி மேசைமேல் இருக்குமளவேனும், கோவில் ஒலிபெருக்கியும் நம் ஆலய ஒலிபெருக்கியும் வாய்மூடியிருக்க ஊர்ப் பெரியோரிடமும் குருவானவரிடமும் யாமே சென்று கேட்கச் சித்தமாயிருக்கின்றோம்.