‘எப்படியும் அறுவைதானே, ஊசி எதற்கு?’

காதின் முன்னே கட்டியுடன் வருவோருக்கு ஊசிச் சோதனை வீண் என்று வாதிடுவோர் இன்றும் உளர். பரோடிட் கட்டியை எப்படியும் அகற்றத்தான் வேண்டும். அகற்றியபின் முழுக் கட்டியையும் ஆய்ந்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது அவர்தம் கூற்று. சிக்கனம்போலத் தோன்றும் இவ்வாதத்திற்கு விலை கொடுப்பவர் நோயாளியே.

முதற்கண், ‘எப்படியும்’ என்னும் சொல்லே பிழை. காசநோய் மிகுந்த இந்நாட்டில், பரோடிட்டுக்குள் உள்ள நிணநீர்க்கணு அந்நோயால் வீங்கிக் கட்டிபோலத் தோன்றுவதுண்டு. அதற்கு வேண்டியது மருந்து, கத்தியன்று. லிம்ஃபோமாவுக்கும் முதன்மைச் சிகிச்சை அறுவையன்று. மெல்லிய ஊசி உறிஞ்சித் தரும் சில உயிரணுக்கள் இவ்விரண்டையும் சுட்ட வல்லவை.

அறுவை உறுதியெனினும் அதன் அளவு உறுதியன்று. முகநரம்பு இச்சுரப்பியின் ஊடாகவே கிளைத்துச் செல்கிறது. கழுத்துக் கணுக்களையும் அகற்ற நேருமா, முகம் கோணும் வாய்ப்புண்டா என்பன முன்னரே பேசப்பட்டால்தான் நோயாளி இடும் கையொப்பம் ஒப்புதலாகும்.

‘ஊசி பொய்க்குமே’ என்பர். பொய்க்கும். குறைதரப் புற்றான மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா வெறும் நீர்மமாக ஊசியில் ஏறி ஏய்க்கலாம். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, தீங்கற்ற பிளியோமார்ஃபிக் அடினோமாவாகத் தோன்றலாம். ஆயின் 2018-இல் வெளிவந்த மிலன் அறிக்கை முறை இந்த ஐயத்தை மறைக்கவில்லை, அளந்தே சொன்னது: ‘தீங்கற்ற கட்டி’ எனில் புற்றாக இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழ்; ‘தன்மை உறுதியாகாத கட்டி’ எனில் ஏறத்தாழ 35. தன் ஐயத்தை அளந்து கூறும் சோதனையைப் பொய்யென ஒதுக்குவது அறிவியலன்று.

அறுவையின்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் இருக்கிறதே என்பது அடுத்த புகலிடம். வெட்டு விளிம்பையும் கணுக்களையும் ஆராய அது பெருந்துணை. ஆனால் சில நிமிடங்களில் சில சீவல்களே காணப்படுகின்றன. பழைய அடினோமாவின் ஒரு மூலையில் முளைத்த புற்று அவற்றில் அகப்படாமற் போகலாம். நன்கு இயங்கும் முகநரம்பை அந்த ஒற்றை விடையை நம்பி அறுத்தல் ஆகாது.

ஊசி, ஸ்கேன், உறைசீவல் மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கவே உள்ளன. ‘பரோடிட் வீக்கம்’ என்ற இரு சொற்களோடு, நோயாளியின் அகவையோ நரம்பின் நிலையோ குறிக்காமல் ஆய்வகத்திற்குப் படிவம் அனுப்பிவிட்டு, விடை தெளிவில்லை எனச் சோதனையைச் சாடுவோர், முதலில் அப்படிவத்தை முழுமையாக நிரப்பட்டும்.