கொல்லைப்புறத்து டம்ளர்

நம் பயான் மேடைகளில் மீனாட்சிபுரத்தைப் பேசாதவர் குறைவு. 1981-ல் நெல்லை மாவட்டத்து அச்சிற்றூரில் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். தேநீர்க் கடையின் தனி டம்ளர் முதலான இழிவுகளை உதறி வந்தவர்கள் அவர்கள். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம்.

நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணிக்கு எதில் தேநீர் தருகிறோம்? விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளர், கொல்லைப்புறத்து ஜன்னலில் அவருக்கெனத் தனியே கவிழ்ந்து கிடக்கிறது. கேட்டால் ‘சுத்தம்’ என்கிறோம். அவர் கை துலக்கிய தட்டில் உண்கிறோம். அவர் வாய் வைத்த டம்ளர் மட்டும் ஆகாதாம்! மனிதரின் எச்சில் நஜீஸ் அன்று. முஸ்லிமல்லாதவரின் எச்சிலும் அப்படியே. ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளின் சட்டமும் இதுதான். பிறகு எந்த மார்க்கத்தின் சுத்தத்தை நாம் பேணுகிறோம்?

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த பெண் இறந்தபோது, தோழர்கள் அதைச் சிறு செய்தியென எண்ணி அறிவிக்காது விட்டனர். நபி (ஸல்) அவர்களோ அவரைக் காணாது விசாரித்து, கப்றைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று தொழுதார்கள். நம் வீட்டைப் பெருக்குபவர் ஒரு வாரம் வராவிடில் நாம் விசாரிப்பது அவரையா, வேலையையா?

‘அவரே தனி டம்ளரைத்தான் கேட்கிறார்’ என்பார் சிலர். வேறு டம்ளரை நாம் அவரிடம் என்றேனும் நீட்டியதுண்டா?