தறி நிற்காமல் வீடு எழ வேண்டும்

வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, ஆறு மாதத்துக்கு வேறு வீடு பார்த்துக் குடிபோய்விடுங்கள் என்பதுதான். தூசி, சத்தம், அடுப்பு வைக்க இடமில்லாத நாள்கள், குளியலறைக்குக் கதவில்லாத வாரங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே வழி என்று மேஸ்திரியிலிருந்து உறவினர்வரை சொல்வார்கள். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிவிடலாம். தரையில் தோண்டிய தறிக்குழியை ஏற்ற முடியாது. வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளே கூலியும் நின்றுபோகிறது. ஆகவே இந்த ஊரில் வீடு புதுப்பித்தலைத் தொழில் நிறுத்தமாகவும் பார்க்க வேண்டும். குடும்பமும் தறியும் உள்ளேயே இருக்க, வீடு பகுதி பகுதியாக எழும்பும்படி வீட்டுவசதித் திட்டங்களையும் நெசவாளர் திட்டங்களையும் ஒன்றாக இணைத்துத் திருத்தி எழுத வேண்டும்.

நெசவாளர் வீட்டின் அமைப்பைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவோரம் திண்ணை, அடுத்து நடை, அதைத் தாண்டித் தறி போட்ட கூடம், வெளிச்சத்துக்கு முற்றம், பின்னால் சமையலறையும் கிணற்றடியும். இருபுறமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டிய சுவர். குழித்தறியில் நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும். மண்ணின் ஈரப்பதம் பட்டு இழை அறுபடாமல் காக்கும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் துணைக்கு இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு ஆள்தான். தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடக்கிற வேலைகள். விடியற்காலையில் பாவு எனும் நீளவாட்டு இழைகளை நீட்டுவதற்குத் தெருவே வேண்டியிருக்கிறது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 31.45 லட்சம் குடும்பங்கள் இத்தொழிலில் இருப்பதாகச் சொன்னது. குடும்பத்தை அலகாகக் கொண்டு எண்ணியது சரிதான். இந்தத் தொழிலுக்கு வீடுதான் ஆலை.

அந்த ஆலை ஒழுகுகிறது. நாட்டு ஓடு சரிந்த கூரையில் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கும். தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும். மகனுக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறை கூடுதலாகத் தேவைப்படும். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும் என்பது மூத்தவர்களின் உடல்நிலை கேட்கும் தேவை. வீட்டை மாற்றக் கூடாது, ஓட்டு வீட்டுத் தெருக்கள் ஊரின் மரபல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பாரம்பரிய நகரங்களுக்காக 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த ஹிருதய் திட்டத்தின் 12 ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று என்பதால் இந்தக் குரலுக்குக் கொஞ்சம் வலுவும் வந்தது. ஆனால், பார்க்க வருகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் மழையில் நனைய வேண்டியதில்லை. காக்க வேண்டிய மரபு ஓட்டில் இல்லை, ஓட்டுக்கு அடியில் நடக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலைக்கு இடம் விடாத கான்கிரீட் வீடும், அந்த வேலையை நனைய விடும் ஓட்டு வீடும் எனக்கு ஒன்றே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கைலாசநாதர் கோயில் நிற்கிறது. 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயிலுக்கு இந்தக் காப்பு தேவைதான். அந்த எல்லைக்குள் வரும் வீடுகளுக்கு இதனால் ஏற்படும் விளைவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: அங்கே இடித்துவிட்டு முழுதாகக் கட்டுவதைவிடக் குடியிருந்தபடியே பழுதுபார்ப்பதுதான் நடைமுறை. அதற்கென்று வரையறுத்த வழிமுறையோ உதவியோ இருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

குடியிருந்தபடியே கட்டுவதில் பட்டுக்கு என்ன ஆபத்து என்பதை மறைக்காமல் பேச வேண்டும். பட்டு ஒரு புரத இழை. காரம் அதற்கு ஆகாது. சிமெண்டும் சுண்ணாம்பும் காரப் பொருள்கள். சுவர் உடைக்கும்போது பறக்கும் தூசி பாவின் மேல் படிந்து, ஈரமும் சேர்ந்தால் இழைக்குக் கேடு. ஜரிகைக்கும் பொலிவு போகும். ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவை நெய்வார்கள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பாவு பாதியில் இருக்கும்போது தறியைப் பிரித்தால் ஆயிரக்கணக்கான இழைகளையும் அச்சையும் விழுதையும் குலையாமல் சுருட்டி வைக்க வேண்டும். பிறகு மீண்டும் பூட்டுவது லேசான காரியமில்லை. தூசி பிள்ளைகளுக்கும் ஆகாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சைச் சுரண்டினால் எழும் தூசியில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தால் இன்னும் மோசம். இந்த ஆபத்துகளையெல்லாம் வைத்துப் பார்த்தால் குடும்பம் வெளியேறுவதே நல்லது என்றுதான் யாரும் சொல்வார்கள். வெளியேற வழியிருந்தால் நானும் அதையே சொல்வேன்.

வழி ஏன் இல்லை என்பது பணக் கணக்கில் தெரியும். 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு மத்திய அரசு 1.5 லட்சமும் தமிழ்நாடு அரசு 60 ஆயிரமும் ஆக 2.10 லட்சம் ரூபாய் கிடைத்தது. இருக்கும் வீட்டோடு குறைந்தது 9 சதுர மீட்டர் சேர்த்துக் கட்டுவதற்கும் அதில் இடமிருந்தது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊராட்சிப் பகுதிகளுக்கு 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. இந்தத் தொகைகள் செங்கலுக்கும் கம்பிக்கும் கொத்தனார் கூலிக்குமானவை. கட்டுமானம் எட்டும் நிலையைப் பார்த்துத் தவணையாக வருபவை. கட்டி முடியும்வரை குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்ற கேள்வி அவற்றில் எங்குமே இல்லை. சம்பளக்காரருக்கு அந்தக் கேள்வி எழாது. நெசவாளருக்கு வாடகை, முன்பணம், நின்றுபோன கூலி மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. வாடகை வீட்டுக்காரர் தரையில் குழி தோண்ட விடவும் மாட்டார். தறிக்கூடம் கட்ட மத்திய ஜவுளி அமைச்சகத்தின் உதவி தனியாக உண்டு. அது வேறு துறை, வேறு விண்ணப்பம். ஒரே கூரைக்கடியில் இருக்கும் ஒரு வீட்டை இரண்டு அலுவலகங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன.

தொழில் நிற்கும் காலத்துக்கு உதவித்தொகை தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்படுகிறது. தடை அரசு விதித்தது, வீடு கட்டுவது சொந்த விருப்பம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஒழுகும் கூரைக்கு அடியில் பட்டு நெய்கிறவருக்குக் கூரையை மாற்றுவது எந்த அளவுக்கு விருப்பம்? அதோடு, கூரையை மாற்றச் சொல்லி மானியம் தருவதே அரசுதான். ஒரு கையால் வீட்டுக்குக் கொடுத்து, அதே வேலையால் கூலி நிற்கும்போது மறு கையை மடக்கிக்கொள்வது பொருத்தமில்லை. கட்டுமான மாதங்களுக்கான தறி நிறுத்த உதவியை வீட்டு மானியத்தின் ஒரு பகுதியாகவே வைக்கலாம்.

தறிகளை வீட்டிலிருந்து பிரித்துப் பொதுக் கூடங்களுக்கும் ஜவுளிப் பூங்காக்களுக்கும் கொண்டுபோய்விட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடுமே என்பதுதான் இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு. வீடு வீடாகவும் ஆலை ஆலையாகவும் இருக்கட்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: குழந்தைகள் தறியடியிலேயே வளர வேண்டியதில்லை, இரைச்சலில்லாமல் படிக்கலாம். விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். ஆனால், நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தார் சுற்றுவதும் கோர்வைக்குக் கைகொடுப்பதும் வீட்டுக்குள் இருப்பதால்தான் அவர்களில் பலரால் சம்பாதிக்க முடிகிறது. தறி ஊருக்கு வெளியே போனால், படுத்திருக்கும் மாமியாரையும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போக முடியாது. ஆணின் வேலை இடம் மாறும். பெண்ணின் வேலை இல்லாமலே போய்விடும்.

பகுதி பகுதியாகக் கட்டினால் செலவு கூடும், பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடத்தில் ஒழுகும் என்பது கட்டுகிறவர்கள் சொல்லும் மறுப்பு. இரண்டும் உண்மை. சென்ட்ரிங் இரண்டு தடவை அடிக்க வேண்டும், கலவை எந்திரம் இரண்டு தடவை வர வேண்டும். ஒழுகலுக்கு மட்டும் இந்த வீடுகளின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. முற்றம் வைத்த வீடு ஏற்கெனவே இரண்டு கட்டடம்தான். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தனித்தனி அடித்தளமும் தூணும் தளமும் போட்டு, நடுவே முற்றத்தை அப்படியே விட்டால் பழையதும் புதியதும் சேரும் இணைப்பே வராது. முதலில் பின்பகுதியில் கழிப்பறை, சமையலறை, மேலே ஓர் அறை. அந்த மாதங்களில் முன்கூடத்தில் தறி ஓடும்; நடுவே கனத்த தார்ப்பாய் கட்டி, இடிக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும்; இடிக்கும் நாள்களில் பாவை மூடி வைக்க வேண்டும். பின்பகுதி முடிந்ததும் குடும்பம் அங்கே போகும். தறியில் உள்ள பாவு தீர்ந்து அடுத்த பாவு பூட்டுவதற்கு முன் முன்கூடத்தில் கைவைக்க வேண்டும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் 14 நாளாவது நிற்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. இடிப்பு, சுவர், தளம், பூச்சு எல்லாம் சேர்ந்தாலும் தறி நிற்பது ஆறு மாதத்திலிருந்து ஓரிரு மாதமாகக் குறையும். கூடுதல் சென்ட்ரிங் செலவை இப்படி மிஞ்சும் நான்கு மாதக் கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முன்கூடம் எழும்போது இரண்டு விஷயங்களில் கண் வைக்க வேண்டும். ஒன்று, தறிக்குழி. டைல்ஸ் ஒட்டிய தரையைப் பிறகு யாரும் தோண்டுவதில்லை. வரைபடத்திலேயே குழி இருந்தால்தான் தறி திரும்பி வரும். சுற்றிலும் நீர்க்காப்புப் பூச்சு போட்டால் மழைநீரும் ஊறாது. மற்றது, கூரை உயரம். பிரான்சின் லியோன் நகரத்து க்ருவா ரூஸ் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு தறி நிற்பதற்காகவே சுமார் 4 மீட்டர் உயரத்தில் கூரை வைத்துப் பட்டு நெசவாளர் குடியிருப்புகள் கட்டினார்கள். இங்கே மாடி எடுக்கும் ஆசையில் கீழ்த்தளத்தைத் தாழ்த்திவிட்டு, ஜக்கார்டு பெட்டிக்கு இடமில்லாமல் தவிக்க வேண்டாம். தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறிக்கு மாறிவிட்டவர்களுக்குக் குழி தேவையில்லை. உயரம் அவர்களுக்கும் தேவை.

குடியிருப்பவர்களை வெளியேற்றாமலே வீடுகளைப் புதுப்பிப்பதைச் சிங்கப்பூர் ஒரு நிர்வாக முறையாகவே செய்கிறது. 2007இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளின் உள்வேலை, வீட்டுக்குச் சுமார் 10 வேலை நாள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள்களுக்குத் தற்காலிகக் கழிப்பறையும் பகலில் ஒதுங்க இடமும் தருகிறார்கள். அந்த நாட்டின் செல்வம் நமக்கில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. முன்கூடம் எழும் இரண்டு மாதத்துக்கு மட்டும் உறுப்பினர் உட்கார, நடந்துபோகும் தூரத்தில் நாலைந்து தறிகளைச் சங்கமே பூட்டி வைத்துச் சுழற்சியில் தரலாம். நிரந்தரமாக ஊருக்கு வெளியே போவதற்கும் பக்கத்துத் தெருவில் இரண்டு மாதம் நெய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தெருவையும் மறந்துவிடக் கூடாது. ஒரு வீட்டின் மணலும் ஜல்லியும் இடிபாடும் கொட்டிக்கிடந்தால் பக்கத்து ஐந்தாறு வீடுகள் பாவு நீட்ட இடமில்லாமல் போகும்; ஒருவர் வீடு கட்ட, தெருவே கூலி இழக்கும். கட்டுமானக் கழிவு மேலாண்மை விதிகள் இடிபாட்டைத் தெருவில் போடுவதைத் தடுக்கின்றன. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம், நெசவுத் தெருக்களுக்கு மட்டுமாவது இடிபாட்டை அன்றன்றே அள்ளும் வண்டியை அனுப்பலாம்.

தொடங்க வேண்டிய இடம் விண்ணப்பப் படிவம். சிறு வீடுகளுக்கு 2024 முதல் தமிழ்நாட்டில் சுயசான்றில் கட்டட அனுமதி கிடைப்பதால் காகித வேலை ஏற்கெனவே குறைந்திருக்கிறது. வீட்டு மானியப் படிவத்தில் இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: வீட்டில் எத்தனை தறி, குழித்தறியா சட்டத்தறியா, எந்தச் சங்கம், இப்போது ஓடும் பாவு எப்போது முடியும். அந்த நான்காவது பதிலை வைத்துத்தான் முன்கூடத்துக்கான தவணையின் தேதியைப் பொறியாளர் குறிக்க வேண்டும்.