கட்டியவர் போன பிறகு திறப்பவர் யார்?

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகள் பலவற்றில் கணினிச் சேமிப்பகம் உருவாகும் விதம் ஏறத்தாழ ஒன்றேதான். ஆய்வுத் திட்ட நிதியில் ஒரு சர்வர் வாங்கப்படுகிறது. கணக்கீடு, துறையின் இணையதளம், மாணவர் பயிற்சி என எல்லாவற்றையும் அந்த ஒரே பெட்டி சுமக்க வேண்டும். எனவே அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற ஒரு ஹைப்பர்வைசர் நிறுவப்பட்டு, ஒவ்வொரு பணிக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரம் ஒதுக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்றில் ட்ரூநாஸ் என்னும் சேமிப்பக மென்பொருள் அமர்ந்து, துறை முழுவதற்குமான கோப்புகளைக் காக்கிறது. களப்பணி ஒலிப்பதிவுகள், கல்வெட்டுப் படங்கள், நுண்ணோக்கிப் பதிவுகள், முடிவடையாத ஆய்வேடுகளின் வரைவுகள் எல்லாம் அங்கேதான். இதை அமைத்தவர் பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர். அவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் இயந்திரம் ஓடுகிறது. ஓடும்வரை அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இத்தகைய அமைப்பைக் குறித்து இரு தரப்பினர் வாதிடுகின்றனர். சேமிப்பகத்தை மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைக்கவே கூடாது என்பது ஒரு தரப்பு. ஓடிக்கொண்டிருப்பதில் குறை காண்பானேன் என்பது மறு தரப்பு. முதல் தரப்பு பத்தாண்டுகளுக்கு முந்தைய நிலையைப் பேசுகிறது. இரண்டாம் தரப்பு விபத்து நேரும் நாளை எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்வரின் மதர்போர்டு எரிந்துபோய், அமைத்தவரும் ஊரில் இல்லாத ஒரு நாளில், வேறொருவர் அந்த வட்டுகளைக் கழற்றித் தரவை மீட்க முடியுமா? முடியும் என்றால் அந்த அமைப்பு சரியானது. முடியாது என்றால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது தவறானது.

விடை, வட்டுகள் மெய்நிகர் இயந்திரத்துக்கு எவ்வாறு கொடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. ட்ரூநாஸின் அடித்தளம் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் ஓப்பன்சோலாரிஸ் வழியாகத் திறமூலமாக வெளிவந்தது அது. ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்துத் தனியே வைக்கிறது. படிக்கும்போது அது பொருந்தாவிட்டால், மற்றொரு வட்டிலுள்ள நல்ல படியைக் கொண்டு பழுதைத் திருத்துகிறது. பழைய தரவின் மேலேயே எழுதாமல், புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதைக் கைவிடுகிறது. இவை அனைத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: எழுதிவிட்டதாக வட்டு தெரிவித்தால், அது உண்மையாக எழுதியிருக்க வேண்டும்.

அவசரத்தில் அமைக்கப்படும் சேமிப்பகங்களில் இந்த நிபந்தனையே முதலில் உடைகிறது. அங்கே வட்டுகள் நேரடியாகத் தரப்படுவதில்லை. ஹைப்பர்வைசர் தன்னிடமுள்ள வட்டில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதையே ஒரு வட்டாக ட்ரூநாஸுக்குக் காட்டுகிறது. எல்லாவற்றையும் வட்டில் எழுதி முடி என்று இசட்.எஃப்.எஸ். அனுப்பும் கட்டளையைச் சில கேஷ் அமைப்புகள் வேகத்துக்காகப் புறக்கணித்துவிடுகின்றன. அந்நேரம் பார்த்து மின்சாரம் போனால், எழுதப்பட்டதாக நம்பப்பட்ட தரவு எங்கும் இருக்காது. ஒன்றுக்கொன்று நகலாக அமைக்கப்பட்ட இரண்டு மெய்நிகர் வட்டுகள் ஒரே நிஜ வட்டின் மேல் இருக்கவும் கூடும். திரையில் எல்லாம் நலம் என்றே தெரியும். நிஜ வட்டு பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். வட்டு தன் உடல்நிலையைத் தானே அறிவிக்கும் ஸ்மார்ட் தகவல்களும் உள்ளிருக்கும் ட்ரூநாஸை எட்டா. காக்க வேண்டிய மென்பொருளின் கண்ணைக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்துவதற்கு ஒப்பானது இது.

சரியான முறை கடினமானதன்று. வட்டுகள் இணைக்கப்பட்ட எச்.பி.ஏ. அட்டையை முழுமையாகவே மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒப்படைத்துவிடலாம். இன்டெல்லின் வி.டி.-டி., ஏ.எம்.டி.யின் ஏ.எம்.டி.-வி.ஐ. ஆகிய வன்பொருள் வசதிகள் இதற்கெனவே உள்ளன. அப்போது ட்ரூநாஸ் நிஜ வட்டுகளுடன் இடையீடின்றிப் பேசுகிறது. அட்டை ரெய்டு வேலை எதையும் தானாகச் செய்யாமல், வட்டுகளை அப்படியே காட்டும் ஐ.டி. முறையில் இருப்பது அவசியம்.

இம்முறைக்கும் விலை உண்டு. அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் அதற்கே பூட்டப்படும். பிறருடன் பகிர முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு சர்வருக்கு மாற்றும் வசதியும் போய்விடும். ஹைப்பர்வைசர் துவங்கும் வட்டு வேறு கட்டுப்படுத்தியில் இருக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸும் இசட்.எஃப்.எஸ்.ஸை அறியும் என்பதால், அட்டையை அதன் கையில் சிக்காமல் ஒதுக்கி வைக்காவிட்டால், ஒரே வட்டுத் தொகுப்பை வெளியிலிருந்து அதுவும் உள்ளிருந்து ட்ரூநாஸும் ஒரே நேரத்தில் திறந்துவிடக்கூடும். அதன் விளைவு பெரும்பாலும் மீட்க இயலாத சிதைவு. பிற மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுகளையும் அதே ட்ரூநாஸில் வைத்திருந்தால், மின்தடைக்குப் பின் எது முதலில் எழுவது என்ற சிக்கலும் எழும். துவங்கும் வரிசையையும் இடைவெளியையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். யு.பி.எஸ். எச்சரிக்கை முதலில் ஹைப்பர்வைசரை அடைந்து, சேமிப்பகம் கடைசியாக அணைய வேண்டும்.

இத்தனை கவனத்தையும் கோரும் முறையை ஏன் பரிந்துரைக்க வேண்டும்? முதலில் எழுப்பிய கேள்விக்கு அதனிடம் விடை இருப்பதால்தான். நேரடியாக ஒப்படைக்கப்பட்ட வட்டுகளில் ஹைப்பர்வைசரின் தடயம் எதுவும் இல்லை. சர்வர் எரிந்தாலும் அவற்றைக் கழற்றி, ஓப்பன் இசட்.எஃப்.எஸ். உள்ள வேறொரு லினக்ஸ் கணினியில் பொருத்தி, ஒரே கட்டளையில் தொகுப்பைத் திறக்கலாம். மாறாக, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் வட்டுகளைத் திறக்க முதலில் ஹைப்பர்வைசரின் சேமிப்பை மீட்க வேண்டும். பிறகு எந்தக் கோப்பு எந்த வட்டு என்று அறிய வேண்டும். அதற்குப் பிறகே தரவை நெருங்க முடியும். ஒவ்வோர் அடுக்கும், சென்றுவிட்ட அந்த ஆய்வாளரின் நினைவில் மட்டுமே இருந்த ஒரு முடிவு.

அடுக்குகள் நிலையானவையும் அல்ல. விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் கையகப்படுத்தியது. கல்விக்கூடங்களும் பயன்படுத்திவந்த இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் வந்தது. ஃப்ரீ பி.எஸ்.டி.யின் மேல் வளர்ந்த ட்ரூநாஸ், பின்னர் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. மேகத்தை நம்பியவர்களுக்கும் இதே அனுபவம்: கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றிச் சேமிப்பு அளித்துவந்த கூகுள், 2022இல் ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக 100 டெராபைட் என்ற அடிப்படை வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேலடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும். கீழே இருக்கும் வட்டு எவரையும் சாராமல் திறக்கக்கூடியதாக இருந்தால், இம்மாற்றங்கள் ஒரு வார வேலையோடு முடியும்.

எனினும் வட்டுகளைச் சரியாக ஒப்படைப்பது பாதி வேலையே. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப் பணிக்கான நிரலைத் திருத்தியபோது நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை. தேர்ந்த பொறியாளர்கள் பராமரித்த இடத்திலேயே இது நேர்ந்தது. நகல் வட்டுகளோ ஸ்னாப்ஷாட்டுகளோ காப்புப் படி ஆகா. தவறான கட்டளை, தீ, திருட்டு, மின்னல் ஆகியவற்றின் முன் ஒரே பெட்டிக்குள் இருக்கும் எத்தனை படிகளும் ஒன்றுக்குச் சமம். சேமிப்பகத்தைக் கணக்கீட்டுச் சர்வருக்குள்ளேயே வைக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது.

அப்படியானால் தனிப் பெட்டியே வாங்கிவிடலாமே என்பது நியாயமான மறுப்பு. இடமும் பணமும் இருந்தால் அதுவே நன்று. பழைய மேசைக்கணினி ஒன்றில் ட்ரூநாஸை நேரடியாக நிறுவுவதும் பல துறைகளுக்குப் போதும். ஆனால் தனிப் பெட்டியும் அமைத்தவரோடு அநாதையாகிவிடும் என்பதை மறக்கலாகாது. கடவுச்சொல் ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால், மறையாக்கத் திறவுகோல் எங்கும் எழுதிவைக்கப்படாவிட்டால், மெய்நிகர் பெட்டிக்கும் இரும்புப் பெட்டிக்கும் வேறுபாடில்லை.

சிக்கலின் வேர் நிதி ஒதுக்கும் முறையில் உள்ளது. திட்ட நிதியில் கருவி வாங்க ஒரு தலைப்பு உண்டு. திட்டம் முடிந்தபின் பழுதான வட்டை மாற்ற எந்தத் தலைப்பும் இல்லை. சர்வருக்குச் சொத்துப் பதிவேட்டில் எண் உண்டு. அதிலுள்ள தரவுக்குப் பொறுப்பாளர் பெயர் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது ஆய்வாளரின் ஊதியமில்லா உழைப்பு. அதற்கு ஆய்வேட்டில் ஒரு பக்கமும் கிடைப்பதில்லை. பழுது நேர்ந்தால் பழி மட்டும் கிடைக்கும்.

துறைகள் செய்யக்கூடியவை எளியவை. நிரந்தரப் பணியாளர் ஒருவரின் பெயரைச் சேமிப்பகத்துக்குப் பொறுப்பாக எழுத்தில் குறிக்கலாம். வட்டுகளின் வரிசை எண்கள், துவங்கும் வரிசை, திறவுகோல் இருக்குமிடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் துறைத்தலைவரின் அலமாரியில் பூட்டிவைக்கலாம். தேசிய அறிவு வலையமைப்பில் இணைந்த இரு நிறுவனங்கள், இசட்.எஃப்.எஸ்.ஸின் அனுப்பும் வசதியைக் கொண்டு, ஒன்றின் தரவுப் படியை மற்றொன்றில் மறையாக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறை, அமைப்பைக் கட்டாத ஒருவரை அழைத்து, அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, காப்புப் படியிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டுத் தரச் சொல்லலாம். அவர் மீட்டுவிட்டால் துறையிடம் சேமிப்பகம் இருக்கிறது என்று பொருள். திணறினால், என்ன குறை என்பது அன்றே தெரிந்துவிடும். அமைத்தவர் இன்னும் வளாகத்தில் இருக்கும்போதே அதைச் சரிசெய்யவும் முடியும்.