காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்



வீடு வீடாகப் போய் வரும் என் வேலையில், பெண்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் கொடுப்பனவு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் பற்றிய கேள்விகள்தான். ஆனால் அண்மையில் கற்பிட்டி வீதியோரக் குடியேற்றம் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னை மறித்து, "மிஸ், என்னைக் கண்டா இந்த முயல் ஏன் ஓடுது?" என்று கேட்டான். அதற்குச் சரியான பதில் அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவனுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளை உம்மம்மாவோடு இருக்கிறான். தனியாக இருக்கிறானே என்று மாமா ஒருவர் சிலாபத்திலிருந்து வெள்ளை முயற்குட்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருந்தார். வந்த அன்றே பிள்ளை அதைக் காதைப் பிடித்துத் தூக்கி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மூன்றாம் நாள் அது அவன் கையைக் கீறிவிட்டது. அதன் பிறகு கூட்டின் மூலையை விட்டு அசையவில்லை.

நான் போனபோது, "எந்த நேரமும் மடியில் வைத்திரு, பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பிழையான ஆலோசனை. அடுத்த வாரம் முயல் தீனியையே குறைத்துவிட்டது. அதன் பின்னர்தான் நான் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தேன்.

முயல், மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்னால் வருவதைக்கூடக் காணும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. நாம் அன்போடு முகத்துக்கு நேரே கையை நீட்டும்போது, எங்கிருந்தோ ஏதோ பாய்வதாகவே அது உணர்கிறது. மேலிருந்து குனிந்து தூக்குவதும் அப்படித்தான். பருந்து தூக்குவதற்கும் நாம் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்?

காது கைபிடி அல்ல. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. உடம்புச் சூட்டை வெளியேற்ற முயலுக்குப் பெரிதும் உதவுவது காதுதான். காதைப் பிடித்துத் தூக்கினால் கடுமையாக வலிக்கும். பின்கால்கள் தொங்கும்படி தூக்கினால், அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால், நிலத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு கையை முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் கீழே கொடுத்து, மறு கையால் பின்பக்கம் முழுவதையும் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். திமிறினால் இறுக்கிப் பிடிக்காமல் நிலத்துக்குத் தாழ்த்தி விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகள் நின்றபடி தூக்கவே கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து, "சுகமாகத் தூங்குது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அது தூக்கமல்ல. பயத்தில் உடம்பு விறைத்துப் போன நிலை.

பழக்குவதற்கு வைத்தியர் சொன்ன வழி இது. புதிதாக வந்த முயலை முதல் இரண்டு மூன்று நாட்கள் தொடவே வேண்டாம். தண்ணீரும் புல்லும் வைத்துவிட்டு, இருட்டான ஓர் ஒளிவிடம் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள். ஒரு பக்கம் ஓட்டை போட்ட காட்போட் பெட்டி அதற்குப் போதும். அதன் பிறகு தினமும் ஒரே நேரத்தில், கதவு அடைத்த அறையில் முயலைத் திறந்துவிட்டு, நீங்கள் பாயில் உட்கார்ந்திருங்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் உங்கள் வேலையைச் செய்யுங்கள். அது வந்து உங்கள் காலை மோந்து பார்க்கும், ஓடும், மறுபடி வரும். பல நாட்கள் அப்படி வந்து போன பிறகு, பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கையைக் கொண்டுபோய் நெற்றியையும் கன்னத்தையும் தடவலாம். நாடியின் கீழே தொடுவதைப் பல முயல்கள் விரும்புவதில்லை.

முயல் சத்தம் போட்டுப் பேசாவிட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியும். பின்காலால் நிலத்தில் தொம்மென்று அடித்தால் ஆபத்து என்று பொருள். தடவும்போது பற்களை மெல்ல உரசினால் சுகமாக இருக்கிறது. கூனிக்குறுகி உட்கார்ந்து சத்தமாகப் பல்லைக் கடித்தால் வலி. பக்கவாட்டில் பொத்தென்று விழுந்து கால் நீட்டிப் படுத்தால், உங்கள் வீட்டை அது நம்பிவிட்டது.

இதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் போன அன்று, உம்மம்மா குறுக்கிட்டார். "மிஸ், இதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. எனக்கு வாயில்லாச் சீவனை வளக்க ஏலாது."

"ஏன் ராத்தா, தொந்தரவா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளை கடைக்குப் போன பிறகுதான் சொன்னார். ராத்தாவின் ஊர் மன்னார்த் தீவில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ராத்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் இரண்டு ஆடுகள் நின்றன. அவற்றுக்குக் குழை வெட்டிப் போடுவது அவருடைய வேலை.

"கயித்தை அவுத்து விட்டேனா, இல்லையா? அதுதான் ஞாபகம் வருதில்ல மிஸ். கடற்கரைக்கு வந்த பிறகுதான் நினைச்சேன். திரும்பிப் போக விடல்ல. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ஆட்டைக் கண்டா இப்பவும் முதல்ல கழுத்துக் கயித்தைத்தான் பாக்கிறேன்."

நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வார்த்தையும் என்னிடம் இருக்கவில்லை. 1990இல் வந்தவர்களாகட்டும், 2009இல் வன்னியிலிருந்து உடுத்த துணியோடு வந்த சகோதரிகளாகட்டும், மாடு, ஆடு, கோழி, நாய் என்று எதையாவது விட்டுவிட்டு வராதவர் குறைவு. இழப்புப் பட்டியல் எழுதும் படிவங்களில் அவற்றுக்கு எண்ணிக்கையும் பெறுமதியும் எழுதுவோம். கயிற்றைப் பற்றி எழுத அவற்றில் இடமில்லை. "ஒரு முயல் வளருங்கள், மனக்காயம் ஆறிவிடும்" என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். விருப்பமில்லாதவர் வளர்க்க வேண்டியதில்லை. ராத்தாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஒரு மாதம் பாருங்கள், பிறகு உங்கள் முடிவு என்றேன்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு, நம் பகுதிக்கு ஏற்ற சில குறிப்புகள்:

முயலின் சாப்பாட்டில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். கரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். வெங்காயத் தாள், உருளைக்கிழங்கு இலை கொடுக்கவே கூடாது. ஆட்டுக்குப் போடும் இப்பில் இப்பில் குழையும் முயலுக்கு ஆகாது. கற்பிட்டித் தோட்டங்களில் கழித்துப் போடும் இலைகளை இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். மருந்து அடித்ததா என்று கேட்டறியுங்கள். கழுவினாலும் எல்லா மருந்தும் போகாது.

நம் வெயில்தான் முயலுக்குப் பெரிய எதிரி. அதற்கு வியர்த்து ஆறும் வசதி இல்லை. முப்பது பாகை செல்சியசுக்கு மேல் போனால் ஆபத்து. தகரக் கூரையின் கீழே கூடு வைக்காதீர்கள். கிடுகுக் கூரையோ மரநிழலோ நல்லது. சோளகக் காற்று மணலை அள்ளி வீசும் மாதங்களில் அந்தப் பக்கத்தை மறைத்துக் கட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளைத் தண்ணீரால் நனையுங்கள். வாளியில் அமிழ்த்த வேண்டாம்.

அரை நாளாக எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல், உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால், மூன்று மாதம் ஆவதற்கு முன்பே பிரித்து வையுங்கள். ஒரு மாதத்தில் குட்டி போட்டுவிடும். இறைச்சிக்கா, பிள்ளையின் தோழமைக்கா என்பதையும் வாங்கும்போதே தீர்மானியுங்கள். பிள்ளை பெயர் வைத்து வளர்த்ததைப் பிறகு சட்டியில் போட்டால், அடுத்த முறை உங்கள் சொல்லை அது எப்படி நம்பும்?

பற்றைக்குள் கிடக்கும் காட்டு முயற்குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தால், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். அது அநாதையல்ல. தாய் பகலில் குட்டியை விட்டு விலகியிருந்து, இருட்டிய பிறகு பால் கொடுக்க வரும்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். பிள்ளை மூலையில் வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்துக்கொண்டு, மூச்சு விடாமல் காத்திருந்தான். முயல் அவனிடம் போகவில்லை. முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த ராத்தாவின் சீத்தைத் துணியில் ஏறி நின்று, முழங்காலை மூக்கால் தள்ளியது. அவர் அதைக் கவனிக்காமல் தன் வேலையைச் செய்ததாலேயே அது முதலில் அவரிடம் போயிருக்கிறது. பிள்ளைக்குக் கோபம்தான். "என்னைத்தான் மோந்து பாத்தது, நேத்து" என்றான். அவனிடமும் வரத் தொடங்கியிருந்தது. நான் கவனித்தது, அவன் கதைக்கும் சத்தம் குறைந்திருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது என்று பெரியவர்களுக்கே சட்டம் போட்டிருந்தான்.

"திருப்பி அனுப்பல்லையா ராத்தா?"

அவர் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பழக்கூடையைக் காட்டினார். உள்ளே சாக்குத் துண்டு விரித்து, மூடி கட்டிப் பிடி போட்டு வைத்திருந்தார்.

"மழைக்காலம் வருது. வெள்ளம் வந்தா, நாம வெளிக்கிட்டா, இதுவும் வரணும். பேரனுக்குச் சொல்லி வச்சிருக்கேன். முதல்ல இது, பிறகு மத்தது."

உங்கள் வீட்டில் முயலோ கோழியோ பூனையோ இருந்தால், அதற்கும் ஒரு கூடையைக் கதவடியில் வையுங்கள், சகோதரிகளே. அடுத்த மாதம் சந்திப்போம்.