சந்தைக்குக் கூரை அமைக்கும்போது

பாறசாலையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை சிறிது தொலைவிலேயே தமிழ்நாட்டைச் சேர்ந்த களியக்காவிளையை அடைகிறது. அங்குள்ள சந்தைக்கு எல்லையின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிலப்படத்தில் கோடு விழுந்தபோதும் மரச்சீனிக் கூடை பழைய வழியிலேயே சென்றது.

அச்சொல்லே ஒரு சான்று. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும், கேரளத்தின் வேறு பல பகுதிகளில் கப்ப என்றும் வழங்கும் கிழங்கு, இவ்வெல்லையின் இருபுறமும் மரச்சீனிதான். மீனிலும் அவ்வாறே: ஒருவர் சாளை என்பார், மற்றவர் சாள என்பார். மலையாளத்தில் விலை கேட்பவருக்குத் தமிழில் விடை கிடைக்கும். மொழி மாறியதை இருவரும் பொருட்படுத்துவதில்லை. பள்ளியில் தமிழ் பேசத் தயங்கும் பிள்ளையும் இங்கே தயங்குவதில்லை.

இத்தகைய சந்தைகள் இன்று பல ஊர்களில் கட்டடங்களாக மாறி வருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் பகுதியில் கூரை தேவையே. மீன் விற்கும் இடத்தில் நல்ல நீரும் கழிவுநீர்க் கால்வாயும் வேண்டும். இவற்றை மறுப்பார் இலர். ஆனால், கட்டடம் முழுவதையும் அறைகளாகப் பிரிப்பது பெரும் பிழை.

அறைக்கு முன்பணமும் மாத வாடகையும் உண்டு. தோட்டத்தில் விளைந்த இரண்டு ஏத்தன் குலைகளையும் சிறிது கீரையையும் கொண்டுவரும் மூதாட்டிக்கு அறை எதற்கு? அவருக்கு வேண்டியது அரை நாளுக்கு ஒரு பாய் விரிக்கும் தரை. அது கிடைக்காவிடில் அவர் சாலையோரத்தில் அமர்வார். வாங்குவோரும் அங்கேயே நின்றுவிடுவர். உள்ளே வாடகை செலுத்தியவர் ஈ ஓட்டுவார்; வெளியே போக்குவரத்துக்கு இடையூறு என்று மூதாட்டியின் கூடை அகற்றப்படும்.

பேரங்காடிகள் இருக்கையில் சந்தை எதற்கு என்று சிலர் வினவுவர். பேரங்காடியில் வாங்க மட்டுமே இயலும். முற்றத்துப் பலாப்பழத்தை அங்கே யாரும் விலைக்கு எடுப்பதில்லை. சந்தையிலோ காலையில் விற்றவரே நண்பகலில் வாங்குபவராகிறார். பலாப்பழம் விற்ற பணம் அன்றைய மீனாக வீடு திரும்புகிறது.

கூரையின் கீழ்ச் சிறுவணிகம் தழைக்காது என்பதும் உண்மையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கொரிய நாட்டினரும் மெக்சிகோ நாட்டினருமான குடியேறிகள் பலர், பெருங்கூடங்களில் சிறுசிறு இடங்களை வாடகைக்கு எடுத்து வணிகம் செய்தனர். 1980களில் அத்தகைய உள்ளரங்கச் சந்தைகள் அங்கே பெருகின. புதிய நாட்டில் தனிக்கடை திறக்கப் பொருளற்றவர்க்கு அவையே முதற்படியாயின.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்கிறது. அங்குள்ளோரை இடம்பெயர்க்கவும் கூடாது. எனவே, வரைபடம் வரையும் பொறியாளர் முதலில் ஒரு சந்தைநாளன்று வந்து, தரையில் அமர்ந்திருப்போரை எண்ணட்டும். அத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கிய பின்னர் அறைகளைக் குறிக்கட்டும். பெயர்ப்பலகைகளில் தமிழும் மலையாளமும் இடம்பெறட்டும். பாய் விரிப்பவரிடம் அன்றைய கட்டணம் மட்டும் பெற்று, அதற்குரிய சீட்டை அவர் படிக்கும் மொழியில் தரட்டும்.