நீண்ட அலையும் குறைந்த மீடிறனும்

பௌதிகம் பயிலும் மாணவரை அடிக்கடி இடறச் செய்யும் கணக்கொன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். வானொலி அலையின் நீளம் தரப்பட்டிருக்கும். அதன் மீடிறனைக் கூறுமாறு வினாத்தாள் கேட்கும். 25 மீற்றர், 41 மீற்றர் என்ற அளவில் நின்றால் பிழை நேர்வது குறைவு. அலை பல கிலோமீற்றர் நீண்டுவிட்டாலோ, விடை ஆயிரம் மடங்கு கூடியோ குறைந்தோ போய்விடுகிறது.

வீட்டிலே பழைய வானொலிப் பெட்டி இருக்குமாயின் அதன் முகப்பைச் சற்று நோக்குங்கள். பல பெட்டிகளில் மீற்றரும் கிலோசைக்கிளும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே அலைக்குரிய இரு பெயர்களே. செக்கனுக்கு ஒரு சைக்கிள் என்பதற்கு ஹேர்ட்ஸ் என்னும் பெயரை 1960 ஆம் ஆண்டில் சர்வதேச அளவை மாநாடு ஏற்றுக்கொண்டது.

வானொலி அலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் செல்கிறது. அத்தூரத்தில் எத்தனை அலைகள் அடங்குமோ அத்தொகையே மீடிறன். ஆகவே 300,000 ஐ அலைநீளத்தால் வகுத்தல் வேண்டும். அலைநீளத்தை மீற்றரில் இட்டால் விடை கிலோஹேர்ட்ஸில் வரும். கிலோமீற்றரில் இட்டால் ஹேர்ட்ஸில் வரும். ஆயிரம் மடங்குப் பிழை பிறக்குமிடம் இதுவே. 25 மீற்றர் அலைக்கு 12,000 கிலோஹேர்ட்ஸ்; 25 கிலோமீற்றர் அலைக்கு 12,000 ஹேர்ட்ஸ்.

உண்மையில் இயங்கிய நிலையம் ஒன்றைக் காண்போம். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் தந்தி அனுப்புவதற்காகச் சுவீடன் நாட்டின் கிறிமெற்றன் என்னும் ஊரில் 1925 இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 17.44 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் 17,202 ஹேர்ட்ஸ் வரும். இவ்விடையை இயந்திரத்தைக் கொண்டே சரிபார்க்கலாம் என்பதுதான் இதன் அழகு. அங்கு அலையைத் தோற்றுவிப்பது சுழலும் உருக்குத் தட்டொன்றைக் கொண்ட ஆடலோட்டப் பிறப்பாக்கி. தட்டின் விளிம்பில் 488 தவாளிப்புகள் உண்டு. அது நிமிடத்துக்கு 2,115 தடவை சுழல்கிறது. இரண்டையும் பெருக்கி 60 ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே 17,202! 2004 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்நிலையம் இன்றும் சிறப்பு நாட்களில் அந்தப் பிறப்பாக்கியைச் சுழற்றிச் செய்தி அனுப்புவதுண்டு.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 17,200 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியும் உண்டு. இளஞ்செவிகளுக்கு அது கேட்கவும் கூடும். ஆனால் ஒலியின் வேகம் காற்றில் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றரே. எனவே அவ்வொலியலையின் நீளம் 2 சென்ரிமீற்றர்தான். எந்த அலை என்று அறியாமல் வகுக்கத் தொடங்குவது வீண்.

இத்துணை நீண்ட அலைகள் இன்று யாருக்கு வேண்டும்? நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு. உப்புநீர் மின்னைக் கடத்துவதால் வானொலி அலை அதனுள் விரைவில் தேய்கிறது. 25 மீற்றர் அலை 7 சென்ரிமீற்றர் ஆழத்திலேயே வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை 1990 இல் நிறுவிய நிலையத்தின் 18.2 கிலோஹேர்ட்ஸ் அலை, அதாவது சுமார் 16.5 கிலோமீற்றர் நீள அலை, அவ்வாறு தேய்வதற்கு ஏறத்தாழ 2 மீற்றர் செல்ல வேண்டும். ஐக்கிய அமெரிக்காவோ விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து 2004 வரை 76 ஹேர்ட்ஸ் அலையைப் பரப்பிவந்தது. அதற்கு இவ்வாழம் ஏறக்குறைய 29 மீற்றர். காற்றில் அதன் நீளம் 3,947 கிலோமீற்றர். இலங்கையின் வடமுனை முதல் தென்முனை வரையுள்ள தூரத்தைப் போல் ஒன்பது மடங்கு! இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை அனுப்பவே பல நிமிடங்கள் சென்றன.

இனி, நீளத்தை விட்டு மீடிறனையே ஏன் கேட்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். அந்த 76 ஹேர்ட்ஸ் அலை கடல்நீருக்குள் புகுந்ததும் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றராகக் குறைகிறது. 3,947 கிலோமீற்றராக இருந்த நீளமும் ஏறக்குறைய 180 மீற்றராகச் சுருங்குகிறது. மீடிறன் மட்டும் மாறுவதில்லை. மேலே எழுபத்தாறு, கீழேயும் எழுபத்தாறு. நீருக்குள் அளந்த 180 மீற்றரை ஒருவர் 300,000 ஐக் கொண்டு மாற்றிவிட்டால் விடை 1,667 கிலோஹேர்ட்ஸ் என்று வரும். அது மத்திய அலை வானொலியின் மேலெல்லை. அவ்விடத்தில் வாங்கியை இசைத்து வைத்துக் கட்டளைக்காகக் காத்திருக்கும் மாலுமிக்கு எத்தனை நாட்கள் சென்றாலும் ஒரு குறியும் வந்து சேராது.